மொடா என்றால் எவ்வளவு பெரிசு

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கைக்குக் கல்யாண விசாரிப்புக்கு வருகிறவர்களை நான் தூரத்திலேயே பிடித்துவிடுவேன். ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் வருவார்கள். பெண் நல்ல சேலை கட்டியிருப்பார், நகை மட்டும் வேண்டுமென்றே குறைத்திருப்பார். ஒவ்வொரு கேற்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, அனெக்ஸ் ஏதும் வாடகைக்கு இருக்கோ என்று கேட்பார்கள். வாடகையைச் சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்து, அந்த மஞ்சள் வீட்டில் ஆர் இருக்கினம், நல்ல ஆக்களோ என்று மெல்ல வருவார்கள். ஒழுங்கை முழுவதும் அதற்கு ஒரே பதில்தான்: நல்ல குடும்பம், தங்கமான பிள்ளை. அன்று பின்னேரம் அதே வாய்கள் போனில் வேறு கதை சொல்லும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டுக்கார அம்மாவைத் தேடித்தான் வருவார்கள். கல்யாணம் முடித்த புதிதில் நானும் கணவரும் அவருடைய மேல்மாடி அனெக்ஸில் குடியிருந்தோம். நான் அவரை அன்ரி என்று கூப்பிடுவேன். நீதிமன்றத்தில் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பாளராக இருந்து பென்சன் எடுத்தவர். பொய் சொல்ல மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். பொய் சொல்லாதவர்கள் வேறும் இருக்கிறார்கள்தான். ஆனால் அன்ரி கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு அது சில நேரம் பெரிய கரைச்சல்.

காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில், "அன்ரி, சரியான தலையிடி" என்று சொன்னால், "எவ்வளவு?" என்று கேட்பார். முதலில் பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். படுக்கிற அளவுக்கு இல்லை, வெளிச்சத்தைப் பார்க்கத்தான் ஏலாமல் கிடக்கு என்று நானும் யோசித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகுதான் மாத்திரை வரும். மாமியார் வீட்டைப் பற்றி அவரிடம் குறை சொல்லப் போய் நான் பட்ட பாடு தனிக் கதை. "எப்பவும் குத்திக் கதைக்கிறா" என்று தொடங்கினால், "எப்பவுமோ?" என்பார். எண்ணிப் பார்த்தால் இரண்டு முறைதான் குத்தியிருப்பார். குறை சொல்கிற சுகமே போய்விடும்.

மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு பேலியகொடைச் சந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் சிங்களப் பொடியனும் அவரிடம் மாட்டிக்கொண்டவன்தான். எல்லா வீட்டிலும் இப்பத்தான் வந்த மீன் என்று சொல்லி விற்பவன், அன்ரியின் கேற்றில் மட்டும் தலையைச் சொறிவான். இப்ப என்றால் எப்ப என்று அவர் சிங்களத்தில் கேட்பார். கடைசியில் ஒரு நாள், நேற்றைய மீன்தான் அக்கே என்று அவன் ஒப்புக்கொண்டான். அன்ரி அந்த மீனை வாங்கினார். எனக்கு ஆச்சரியம். நேற்றையது என்று தெரிந்தால் அதற்கேற்றபடி புளி விட்டுச் சமைக்கலாம், தெரியாமல் வாங்கினால்தான் வயிற்றுக்குக் கேடு என்றார். அன்றைய குழம்பு நன்றாகவே இருந்தது.

இந்தக் குணம் நீதிமன்றத்தில் வந்ததா, பிறவியா என்று கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் ஒரு வழக்கைச் சொன்னார். ஏதோ அடிபிடி வழக்கு. மட்டக்குளியில் நாட்கூலிக்குப் போகும் ஒரு பெண் சாட்சி சொன்னார், அன்றைக்கு அந்த ஆள் குடிவெறியில் இருந்தார் என்று. அன்ரி அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். வழக்கறிஞர் உடனே, ஆகவே அவர் ஒரு பேபத்தா என்று சாட்சி ஒப்புக்கொள்கிறார் என்று எழுந்தார். பேபத்தா என்றால் முழுநேரக் குடிகாரனுக்குச் சிங்களத்தில் வைக்கிற பெயர். அன்ரி கையை உயர்த்தி, சாட்சி அப்படிச் சொல்லவில்லை என்றார். மொழிபெயர்ப்பாளர் இடையில் பேசுகிற வழக்கம் இல்லை. நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாராம். ஒன்று அன்றைய நிலை, மற்றது ஆளுக்கு வைக்கிற பேர் என்று இவர் சொன்னாராம். நீதவான் அதை எழுதிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அன்ரியின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மொடா கதைக்கு வருகிறேன். என் கணவரின் கந்தோர்க் கூட்டாளி ஒருவன் சாப்பிட வந்த இடத்தில் அளவுக்கு மிஞ்சிக் குடித்து, படிக்கட்டில் சத்தி எடுத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் காலை நான் வெட்கத்தோடு படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்ரி தோட்டத்துக் குழாயை நீட்டித் தந்தார்.

"மன்னியுங்கோ அன்ரி. அவன் ஒரு மொடாக்குடியன்" என்றேன்.

அவர் குழாயைப் பூட்டிவிட்டு, "நீர் மொடா கண்டிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

நான் எங்கே கண்டேன். எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் பரல்தான். குடிகாரரைச் சொல்ல வாயில் எத்தனையோ வரும். வெறிக்குட்டி, தண்ணிச்சாமி, பேபத்தா, எல்லாம் ஒரே ஆளுக்குச் சொல்வதுதானே என்று இருந்தவள் நான். அன்ரி நனையாத படியாகப் பார்த்து உட்கார்ந்தார். குடத்தை விடப் பெரியது பானை, பானையை விடப் பெரியது மொடா என்றார். சின்ன வயதில் அவர்கள் வீட்டில் ஒன்று கிடந்ததாம். நிரப்பிவிட்டால் இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்தாலும் அசைக்க முடியாதாம்.

"அதில இருக்கிற தண்ணி ஒரு வீட்டுக்கே ஒரு நாளைக்குக் காணும் பிள்ளை. முழுக்க ஒருத்தன் தனியக் குடிச்சுப்போட்டு, மற்றவைக்கு ஒரு சொட்டும் வைக்காமல் போறான் எண்டு யோசியும். அவனுக்கு வைச்ச பேர் அது. உம்மட கூட்டாளி நேற்றுக் கூடக் குடிச்சவன், அவ்வளவுதான்."

பிறகு நான் அகராதியில் தேடிப் பார்த்தேன். மிடா என்றால் பெரிய பானை, அதுதான் பேச்சில் மொடா ஆகியிருக்கிறது. பானை அளவு குடிக்கிறவன் மொடாக்குடியன், அதோடு சரி. மற்றவைக்கு ஒரு சொட்டும் வைக்காமல் என்கிற பகுதி எந்த அகராதியிலும் இல்லை. அது அன்ரி தானாகச் சேர்த்த விளக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டிச் சொல்லாத மனுசி இதில் மட்டும் கூட்டிவிட்டாரே என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

எதிர்வீட்டு தர்சினி பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காளர் கந்தோரில் வேலை செய்தாள். கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் கூட. அவளுடைய அப்பா கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். மனுசன் குடிப்பார். ஒவ்வொரு நாளும் குடிப்பார். பின்னேர ரயிலில் வந்து இறங்கி, கடற்கரைப் பக்கம் எங்கேயோ அலுவலை முடித்துக்கொண்டு, பொழுதுபட ஒழுங்கைக்குள் வருவார். வருகிற வழியில் நாய்களிடம் சுகம் விசாரிப்பார். தன் வீட்டுக் கேற்றடியில் நின்று, சேர்ட் பொத்தான்களைத் தடவிப் பார்த்துச் சரி செய்துகொண்டுதான் உள்ளே போவார். பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்கும்.

தர்சினிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் இந்த மனுசனால்தான் குழம்பின. ஜாதகம் பொருந்தி, படம் பார்த்து, எல்லாம் சரி என்று வந்த பிறகு அந்தப் பக்கம் சத்தம் இல்லாமல் போய்விடும். ஒழுங்கையில் யாரோ போனில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருப்பார்கள்: தகப்பன் மொடாக்குடியன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. குடிகாரன் வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு அந்த ஆளும் நம்மோடுதான் வந்து கிடப்பான் என்று பயம். மூன்றாவதாக ஒரு சம்பந்தம் வந்தது. பொடியன் கொழும்பில்தான் வேலை. இந்த முறை தர்சினியும் அவனும் ஒருவரையொருவர் பார்த்து, போனிலும் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் ஒழுங்கையில் நடக்கிற நடையே மாறியிருந்தது. இதுவும் குழம்பினால் பிள்ளை தாங்காது என்று அவளுடைய அம்மா சொன்னது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அம்மா வந்து அன்ரியிடம் சொன்னபோது நான் அங்கே இருந்தேன்.

பொடியனின் தாய் நேராக அன்ரியிடம் விசாரிக்க வரப் போகிறார் என்று தெரிந்து, தர்சினியின் அம்மா முதல் நாளே வந்திருந்தார். ஒன்றும் பெரிதாக வேண்டாம், எப்போதாவது ஒரு நாள் குடி பாவிப்பார் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கெஞ்சினார். அன்ரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கேட்டால் உள்ளதைச் சொல்லுவன் என்றுதான் சொன்னார். அந்த அம்மா அழுதுகொண்டு போனார். எனக்கு அன்ரி மேல் அப்படியொரு கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்காக ஒரு சின்னப் பொய் சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன், அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பொடியனின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். அனெக்ஸ் நாடகம் ஒன்றும் இல்லை, நேரே வந்து காரணத்தைச் சொல்லி உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி போடச் சொல்லி அன்ரி என்னைக் கூப்பிட்டிருந்தார். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் காதை நான் அங்கேதான் வைத்திருந்தேன்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். தாயைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். பிறகு அந்தத் தாய் குரலைத் தாழ்த்தினார்.

"தகப்பன் மொடாக்குடியன் எண்டு ஒராள் சொன்னது. உண்மையோ அக்கா?"

"இல்லை" என்றார் அன்ரி.

எனக்கு மூச்சு வந்தது. சீனியைப் போட்டுக் கலக்கத் தொடங்கினேன்.

"அப்ப குடிக்கிறேல்லையோ?"

"குடிக்கிறவர். ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர்."

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. முடிந்தது தர்சினியின் கதை என்று நினைத்தேன். வெளியே போய் ஏதாவது சொல்லிக் குழப்பலாமா என்றுகூட யோசித்தேன். தாய்மாமன் ஒரு மாதிரிச் சிரித்து, ஒவ்வொரு நாளும் குடிக்கிறவனுக்கு வேறு என்ன பேர் அம்மா என்று கேட்டார்.

அன்ரி எதையும் சொல்ல முதல் சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொள்வார், அதைச் செய்திருப்பார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

"நான் ஒரு மொடாக்குடியனோட குடும்பம் நடத்தினனான். அதால எனக்கு வித்தியாசம் தெரியும்."

ஹோலில் அன்ரியின் கணவருடைய படம் சந்தனமாலையோடு தொங்கியது. கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில், மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போனவர். அதற்குப் பிறகுதான் அன்ரி மகனோடு, அண்ணன் விட்டுவிட்டு வெளிநாடு போன இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருக்கிறார். வருத்தத்தில் போனவர், என்ன நோய் என்றில்லை, அதை மட்டும்தான் சொல்லியிருந்தார். ஒழுங்கை முழுவதும் அதைத்தான் நம்பியிருந்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கியபோது, வந்த இரண்டு பேரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம், அவர்தான்" என்றார் அன்ரி. "பிள்ளைக்கு வாங்கின பால்மாப் பேணியைக் கொண்டுபோய் வித்துக் குடிச்சவர். பிள்ளை காய்ச்சலில கிடக்க மருந்து வாங்கப் போனவர், அடுத்த நாள்தான் வந்தவர். வெறுங்கையோட. நானும் பிள்ளையும் அறையைப் பூட்டிக்கொண்டுதான் படுக்கிறனாங்கள். இந்த மனுசன் குடிச்சுப்போட்டு வாறவர், ஆனால் வீட்டுக்கு வாறவர். அவற்ற மனுசியும் பிள்ளையும் அவர் வரும் வரைக்கும் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறவை. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். குடிக்கிறவர் எண்டு சொல்லுங்கோ, அது உண்மை. மற்றச் சொல்லைச் சொல்லாதேயுங்கோ."

நான் தேத்தண்ணியை வைத்தேன். அந்தத் தாய் படத்திலிருந்து கண்ணை எடுத்து அன்ரியைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் ஏதாவது கதவைப் பூட்டியிருப்பாரோ தெரியாது, கண் கலங்கியிருந்தது. நீங்களும் மகனுக்குச் சம்பந்தம் பேசுகிறதாகக் கேள்விப்பட்டோமே, இது வெளியில் போனால் அது குழம்பாதோ என்று கேட்டார். ஓம், பேசுகிறோம் என்று மட்டும் அன்ரி சொன்னார். பிறகு பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினார்.

தர்சினியின் கல்யாணம் சரிவந்தது. இந்தக் கதை அவளுடைய அப்பாவின் காதுக்கும் எப்படியோ போய்விட்டது. ஒரு பின்னேரம், வழக்கமாக அவர் வருகிற நேரத்துக்கு முன்னமே, நல்ல தெளிவாக வந்து எங்கள் கேற்றில் நின்றார். உள்ளே வரவில்லை. அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, சேர்ட் பொத்தான்களைத் தடவிக்கொண்டு நின்றார். அன்ரி பூக்கண்டுக்குத் தண்ணீர் விட்டபடியே சொன்னார்:

"நான் உமக்காகச் சொல்லேல்லை தம்பி. உள்ளதைச் சொன்னனான். இனி அதை உள்ளதாய் வைச்சிருக்கிறது உம்மட வேலை."

மனுசன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குடியை விட்டுவிட்டார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. விடவில்லை. குறைத்தார். எவ்வளவு என்று அன்ரிக்குத் தெரிந்திருக்கும்.

அன்ரியின் மகன் மெல்பேர்ணில் பொறியியலாளர். அவருக்குப் பேசிக்கொண்டிருந்தது பம்பலப்பிட்டியில் ஒரு நல்ல குடும்பம், அநேகமாக முடிந்த மாதிரித்தான். விசாரிப்புக் கதை ஒரு கேற்றோடு நிற்காதே, அன்ரி அன்று சொன்னது அந்தக் குடும்பத்தின் காதுக்கும் போயிருந்தது. அவர்கள் கொட்டாஞ்சேனைக்கு ஆள் அனுப்பிப் பழைய அயலவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் மறந்திருக்கவில்லை. தகப்பன் அப்படியென்றால் மகனும் நாளைக்கு என்று யோசித்திருப்பார்கள். இரண்டு கிழமையில் ஜாதகம் திரும்பி வந்தது.

மகன் வீடியோவில் கோல் எடுத்தபோது, அன்ரியிடம் போனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நான்தான் பொத்தானை அமத்திக் கொடுத்தேன். போகத் திரும்பினேன், இரும் என்று கையைக் காட்டினார். மகனின் முகம் சிவந்திருந்தது. அப்பா வருத்தத்தில் செத்தவர் என்றுதானே எனக்குச் சொன்னீர்கள் என்று கேட்டார். வருத்தம்தான் மகன், அதில் பொய் இல்லை என்றார் அன்ரி. எனக்குச் சொல்லாததை ஏன் ஆரோ தெரியாத ஆக்களுக்குச் சொன்னீர்கள், அந்த எதிர்வீட்டு மனுசன் அவ்வளவு மோசமில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாமே, அப்பாவை ஏன் இழுத்தீர்கள் என்று அவர் கேட்டபோது, அந்தக் கேள்வியில் எனக்கும் நியாயம் தெரிந்தது.

"அவை எவ்வளவு எண்டு கேட்டவை. அளந்து காட்ட என்னட்டை இருந்தது அவர் ஒராள்தான்" என்றார் அன்ரி.

மகன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. பிறகு, சின்னப் பிள்ளையின் குரலில், அவர் கேட்டார்.

"அப்ப நீங்கள் எப்பிடியம்மா இருந்தனீங்கள்?"

எனக்குத் தெரிந்து அன்ரியிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, அன்று தேத்தண்ணித் தட்டோடு நின்று அவர் சொன்னதை எல்லாம் கேட்டவள்.

"நல்லாத்தான்..." என்று தொடங்கினார். அதோடு நின்றுவிட்டார். சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டார். மகன் காத்திருந்தார். பிறகு அன்ரி போனை என்னிடம் தராமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். போனுக்குள்ளேயிருந்து அம்மா, அம்மா என்று மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது.